நாற்றுமேடை இடாதவர் விளைச்சலைக் கேட்பதா?

"இக்காலத்து இளைஞரிடம் பொறுப்பில்லை!"

நம் ஊர்களில் ஓயாது ஒலிக்கும் புலம்பல் இது. கோயில் வீதியிலே கேட்கின்றோம். கூட்டுறவுச் சங்க வாசலிலே கேட்கின்றோம். கலியாணப் பந்தலிலே கேட்கின்றோம். வைத்தியர் சொல்லுகின்றார், சட்டத்தரணி சொல்லுகின்றார், கமக்காரரும் சொல்லுகின்றார். சொல்லுகின்றவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து செல்லும் இடம் எது? பதினைந்து ஆண்டுகளாகத் தாமே தலைவராகவோ தனாதிகாரியாகவோ வீற்றிருக்கும் சங்கத்தின் கூட்டத்துக்கே செல்லுகின்றார்!

பொறுப்பைக் கையில் கொடாதவர், பொறுப்பில்லையென்று குறை கூறுவது எந்த ஊர் நியாயம்? நாற்றுமேடை இடவில்லை, விதை தூவவில்லை, நீர் தெளிக்கவில்லை. தை பிறந்ததும் விளைச்சல் எங்கேயென்று வேலியோரம் நின்று கேட்பவனை நாம் கமக்காரன் என்போமா?

பொறுப்பு உபதேசத்தால் வருவதன்று. இதனை நம் தோட்டக்காரர் நன்கறிவர். துலா மிதித்து நீரிறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் துலாவில் ஏறி நடப்பார். ஒருவர் பட்டை பிடிப்பார். தோட்டத்தின் அந்தலையில் மண்வெட்டியுடன் ஒரு சிறுவன் தண்ணீர் மாறுவான். அவன் கண்ணயர்ந்தால் வரம்பு உடையும். ஒரு பாத்தி மூழ்கும், மறு பாத்தி காயும். மறுநாட் காலையில் வாடி நின்ற கன்றுகளே அவனுக்கு ஆசிரியர். தகப்பனார் திட்டியிருக்கலாம், ஆனால் மண்வெட்டியைப் பறித்துக்கொள்ளவில்லை. அடுத்த இறைப்புக்கும் அவனையே அனுப்பினார். உண்மையான வேலை, உண்மையான நட்டம், பக்கத்திலே ஒரு பெரியவர், பிழைத்தால் மறுபடியும் ஒரு வாய்ப்பு: தலைமைப் பயிற்சி என்பது இந்நான்குமே. தோட்டத்தில் நாம் கையாண்ட இம்முறையைப் பொதுவாழ்விலே கைவிட்டது ஏன்?

எக்காலத்தும் கைவிட்டிருந்தோமா என்றால், இல்லை. 1924இல் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் பிறந்தது. பின்னர் அது வாலிபர் காங்கிரஸாக வளர்ந்தது. அதன் உயிர்நாடியாக நின்ற ஹன்டி பேரின்பநாயகத்துக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. அவர் ஓர் ஆசிரியர். அவரைச் சூழ நின்றோரிற் பலரும் இளம் ஆசிரியரும் மாணவருமே. ஆசிரியர் கட்டளையிட, மாணவர் கைகட்டி நின்ற சபையன்று அது. பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்ந்து சமமாக உண்ணவேண்டும் என்று, ஊர்ப் பிரமுகர்களின் முகம் சுளிக்கும்படி அவர்கள் வாதாடினார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தார்கள். 1931இல் டொனமூர் அரசியலமைப்புச் சுயராச்சியம் தரவில்லையென்று கூறி, வடக்கின் நான்கு தொகுதிகளிலே ஒருவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யாதபடி பகிஷ்கரிப்பை நடத்திக் காட்டினார்கள்.

அப்பகிஷ்கரிப்புச் சரியா, பிழையா? அதனை இன்றும் வாதிடலாம். அதன் விளைவாக 1934இல் இடைத்தேர்தல் நடக்கும் வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. ஆயினும் அவ்விளைஞர் சுயமாகச் சிந்தித்தார்கள்; முடிவெடுத்தார்கள்; அம்முடிவின் புகழையும் பழியையும் தம் தோளிலே சுமந்தார்கள். அதுவன்றோ பொறுப்பு! அவ்வியக்கத்தார் பின்னர் வெறுங்கையராய்க் கலைந்துவிடவுமில்லை. ஹன்டி பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 'ஒறேற்றர்' சுப்பிரமணியம் ஸ்கந்தவரோதயக் கல்லூரியை வளர்த்தார். பயிற்றப்பட்டவரே பயிற்றுநராயினர்.

பின்னர் நடந்தது என்ன? 1959இல் பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை சட்டமாயிற்று. நாட்டின் ஆட்சியை மாற்றும் உரிமை இளைஞர் கைக்கு வந்தது. நம் சங்கங்களின் ஆசனமோ வரவில்லை! 1970களிலே தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாயில் அடைபட்ட வாலிபர், கொதிக்கும் நெஞ்சுடன் கூட்டங்களுக்கு வந்தார்கள். சுவரொட்டி ஒட்டினார்கள்; கொடி பிடித்தார்கள்; மேடையேறித் தம் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியிலே இரத்தத் திலகமிட்டார்கள். தலைவர்கள் திலகத்தை ஏற்றுக்கொண்டார்கள். அப்பிள்ளைகளைப் பக்கத்திலே அமர்த்தி, "உன் கருத்து யாது? இதன் விளைவை எண்ணினாயா? வேறு வழி உண்டா?" என்று கேட்டவர் எத்தனை பேர்? இரத்தம் வேண்டியிருந்தது, ஆலோசனை வேண்டியிருக்கவில்லை! பின்னர் வந்த முப்பதாண்டுத் துயரத்துக்கு அரசின் ஒடுக்குமுறை முதலாய்ப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் தமிழ் மூத்தோர் தம் பங்கை மறைத்தல் ஆகாது. கேட்பாரற்ற இளைஞன், கேட்கும் இடத்தைத் தானே தேடிக்கொள்வான்.

2009இல் போர் முடிந்தது. மாண்டோர் போக, கடல் கடந்தோர் போக, எஞ்சியோரிடையே ஒரு தலைமுறையின் இடம் வெறுமையாயிற்று. அறுபது வயதினர்க்கும் இருபது வயதினர்க்கும் இடையே கைமாற்றிக் கொடுக்கவேண்டிய நாற்பது வயதினர் பல ஊர்களில் அருகிவிட்டனர். ஆகவே இன்றைய முதியோர்க்குச் சுமை இரட்டிப்பு. அவர்களோ என் செய்கின்றார்கள்? பிள்ளையை விடியற்காலையிலே தனியார் கல்வி நிலையத்துக்கும், அங்கிருந்து பாடசாலைக்கும், மாலையிலே மறுபடியும் கல்வி நிலையத்துக்கும் அனுப்புகின்றார்கள். பத்தொன்பது வயது வரை பரீட்சையே உலகம். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று மாற்றுக் கருத்துச் சொல்லவோ, ஐந்நூறு ரூபாவுக்குக் கணக்கு எழுதவோ அவனுக்கு வாய்ப்பளித்தவர் இல்லை. பரீட்சையிலே தேறியவன் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கின்றான். தேறாதவன் சந்தியிலே நிற்கின்றான். போதைப்பொருள் விற்பவன் அவனுக்கு அருகிலே வந்து நிற்கின்றான். "தம்பி, என்னோடு வா" என்று அவனை அழைக்கும் முதற் குரல் அந்த விற்பனையாளனுடையதாயின், வெட்கப்படவேண்டியவர் யார்?

"இளைஞர் கையில் காசைக் கொடுத்தால் கரைத்துவிடுவார்கள்" என்பர் சிலர். சங்கப் பணத்தைக் கரைத்த வயோதிபரை இவர்கள் அறியாரா? பிழைக்கு மருந்து வயதன்று; ஒழுங்கான கணக்குப் பரிசோதனையே. "அழைத்தோம், வரவில்லை" என்பர் வேறு சிலர். எதற்கு அழைத்தீர்கள்? கதிரை அடுக்கவும், பந்தல் கட்டவும், பிரமுகருக்கு மாலை எடுத்துக் கொடுக்கவுமன்றோ! தீர்மானிக்கும் கூட்டத்துக்கு அழைத்தீர்களா? "நாங்கள் இருக்கும்வரை நடத்துவோம்" என்பர் இன்னும் சிலர். நீங்கள் இல்லாத நாளைப் பற்றியே கேட்கின்றோம்!

செய்யவேண்டியவை வானத்து நட்சத்திரங்களல்ல. கோயில் பரிபாலன சபை, கமக்காரர் அமைப்பு, சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம் ஆகிய எதுவாயினும், ஒருவர் ஒரு பதவியில் இரு தவணைக்கு மேல் இருத்தலாகாதென யாப்பிலே எழுதுக. ஒவ்வொரு பதவிக்கும் முப்பது வயதுக்குட்பட்ட துணையொருவரை வாக்குரிமையுடன் அமர்த்துக. அத்துணைவர் ஆண்பிள்ளையாகவே இருக்கவேண்டுமென்றும், இன்ன குடியிற் பிறந்தவராக இருக்கவேண்டுமென்றும் பழைய நோயைக் கொண்டு வரவேண்டாம்.

வைத்தியரே, பொறியியலாளரே, கணக்காளரே! ஆண்டுக்கு ஒருவர், ஒரேயொருவர், உம் ஊர்ப் பிள்ளையைத் தெரிந்தெடுங்கள். நிதியுதவி செய்து புகைப்படம் எடுப்பதன்று நாம் கேட்பது. மாதத்தில் ஒரு மாலைப்பொழுது பக்கத்தில் இருத்திப் பேசுங்கள். நீர் செய்த தவறுகளையும் சொல்லுங்கள். வெற்றிக் கதை மட்டும் கேட்ட பிள்ளை முதல் தோல்வியிலே முறிந்துவிடும்.

கமக்காரரே! இரண்டு பரப்பு நிலத்தை உம் மகனுக்கோ மகளுக்கோ ஒரு போகத்துக்கு ஒப்படையுங்கள். என்ன நடுவது, எப்பொழுது மருந்தடிப்பது, எந்த விலைக்கு விற்பது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். கேட்டால் சொல்லுங்கள், கேளாவிட்டால் வரம்பிலே நின்று பாருங்கள். வெங்காயம் அழுகினால் ஒரு போகம் போகும். பயிற்றாத பிள்ளையின் கையில் முழுத் தோட்டமும் ஒருநாள் விழுந்தால், பரம்பரையே போகும்.

மூத்தோரை இகழ்வது எம் நோக்கமன்று. போர்க்காலத்திலே பள்ளியையும் கோயிலையும் சங்கத்தையும் கட்டிக் காத்தவர்கள் அவர்களே. அக்கடனை இவ்வினம் மறவாது. ஆயினும் காத்ததைக் கைமாற்றாது போனால், காத்ததன் பயன் என்ன? துலாவிலிருந்து இறங்கினவர் கிணற்றடியை விட்டுப் போகவில்லை. பட்டை பிடிக்கவே வந்தார். நீவிரும் போகவேண்டாம். இறங்கி வந்து பட்டையைப் பிடியுங்கள். பிள்ளைகள் துலாவில் ஏறட்டும்!

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் எவ்வூரிலும் வரத்தான் போகின்றது. நிருவாகத் தெரிவு என்று அறிவித்ததும், "பழையவர்களே இருக்கட்டும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். அந்நேரம் எழுந்து நின்று, "வேண்டாம், இம்முறை இப்பிள்ளை இருக்கட்டும், நான் பக்கத்தில் இருப்பேன்" என்று சொல்லும் பெரியவரே தலைவர். ஏனையோர் வெறும் நாற்காலிக்காரர்!