மறுநாள் தெரியாத பலன்

நன்றாகப் பேசிக்கொண்டு இருந்தவருக்குத் திடீரென்று வாய் கோணுகிறது. ஒரு கை விழுந்துவிடுகிறது. பேச்சு குழறுகிறது. பக்கவாதம்!

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்த அடைப்பைக் கரைக்க ஒரு மருந்து உண்டு. பெயர் "ஆல்டிபிளேஸ்." ஊசி மூலம் ரத்தத்தில் செலுத்துகிறார்கள்.

அமெரிக்க டாக்டர்கள் இதை 624 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 1995-ம் ஆண்டு வெளிவந்தது. பாதிப் பேருக்கு மருந்து. மற்றவர்களுக்கு மருந்து இல்லாத ஊசி. நோய் கண்ட 3 மணி நேரத்துக்குள் போட்டார்கள்.

மறுநாள் பார்த்தார்கள். இரு பிரிவினருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! அதோடு விட்டிருந்தால் மருந்து குப்பைக்குப் போயிருக்கும்.

3 மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். ஊனம் இல்லாமலோ, மிகச் சிறிய ஊனத்தோடோ தேறியவர்கள், மருந்து போட்ட பிரிவில் 100-க்கு 11 முதல் 13 பேர் வரை அதிகம். ஓர் ஆண்டு கழித்தும் அந்த லாபம் அப்படியே இருந்தது.

இது சிறிய எண்ணிக்கை என்று தோன்றலாம். தன் கையால் சோறு பிசைந்து உண்பதும், பிறர் ஊட்டக் காத்துக் கிடப்பதும் ஒன்றாகுமா?

ஆபத்தும் உண்டு

மருந்து போட்டவர்களில் 100-க்கு 6 பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமாயிற்று. மருந்து போடாதவர்களில் அது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. ஆனாலும், 3 மாத முடிவில் மருந்து போட்டவர்களிடையே சாவு கூடவில்லை. இதை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இன்னொரு முறை பக்கவாதம் வருவதை இந்த மருந்து தடுக்காது. ஆகவே, டாக்டர் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

ரத்தக் குழாய் வெடித்து வரும் பக்கவாதத்துக்கோ இந்த மருந்தே எமன். அதனால்தான் முதலில் தலையை "ஸ்கேன்" எடுத்துப் பார்க்கிறார்கள்.

இப்போது நாலரை மணி நேரம் வரை இந்த ஊசியைப் போடுகிறார்கள். நேரம் ஆக ஆகப் பலன் குறையும். எண்ணெய் தடவுவதிலும், "பெரியவர் வரட்டும், கேட்டுக்கொண்டு போகலாம்" என்று காத்திருப்பதிலும் அந்த நேரம் போய்விடுகிறது.

"எத்தனை மணிக்கு வந்தது?" என்று ஆஸ்பத்திரியில் கட்டாயம் கேட்பார்கள். வீட்டில் ஒருவர் அப்போதே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லவேண்டும்.