நின்னுட்டா முடிஞ்சிடுச்சா?

மலைக்கோட்டை உச்சியிலிருந்து வடக்கே பார்த்தா ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். 13 நிலை, 236 அடி. 1987-ல தான் குடமுழுக்கு. அதுக்கு முன்னாடி பல நூற்றாண்டு அடித்தளத்தோட நின்ன மொட்டைக் கோபுரம்.

ஆப்டிமைசேஷன் நிரல்ல 'மாற்றம் சின்னதாயிட்டா நிறுத்து'ன்னு எழுதறோமே, அந்தக் கணக்குப்படி மொட்டைக் கோபுரமே கன்வர்ஜ் ஆன கோபுரம் தான்! வருஷா வருஷம் மாற்றம் பூஜ்யமாச்சே.

1 + 1/2 + 1/3 + ... கூட்டிக்கிட்டே போங்க. பத்து லட்சமாவது எண்ணுல கூடறது வெறும் 0.000001. கூட்டுத்தொகை சுமார் 14.39. நிரல் 'முடிஞ்சுது'ன்னு நின்னுடும். பத்து மடங்கு ஓடவிட்டா இன்னும் 2.3 கூடும். இந்தத் தொடருக்கு முடிவே கிடையாது.

அடி சின்னதாச்சுன்னா வந்து சேர்ந்திருக்கலாம், மெதுவா நடந்துக்கிட்டும் இருக்கலாம். அதனால என் கட்சி இது: சரிவு பூஜ்யத்தை ஒட்டி இருக்கா, பத்து மடங்கு ஓடவிட்டாலும் விடை அசையாம இருக்கா, வேற இடத்துல ஆரம்பிச்சாலும் இதைவிட நல்ல விடை வராம இருக்கா, மூணும் பாருங்க. சுற்று எண்ணிக்கை தீர்ந்து நிறுத்தினா, அதையும் விடையோட சேர்த்துச் சொல்லுங்க.

அந்த எண்ணை வாங்கறவர் நிரலைப் பார்க்கப் போறதில்லை. நம்பி கம்பி வாங்குவார், கடன் கொடுப்பார். 'நிறுத்திட்டேன்'ங்கறதை 'முடிச்சுட்டேன்'னு அவர்கிட்ட சொல்றது பொய் தானே?