கல்லூரிக் கட்டணமும் ஒரு ஞாயிறு பிற்பகலும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் போதகர் இல்லத்தின் கதவு அடிக்கடி தட்டப்படும். ஜெபிக்கச் சொல்லி வருகிறவர்களே அதிகம். மகனோ மகளோ நல்ல மதிப்பெண் பெற்றிருப்பார்கள். விரும்பிய பாடப்பிரிவில் இடமும் கிடைத்திருக்கும். ஆனால் சில நாட்களுக்குள் முதல் தவணைக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். கையில் பணம் இராது. அந்தச் சில நாட்களுக்குள்தான் தாயின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. நகையும் இல்லாத வீட்டில் பத்து வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது.

பத்து வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். ஐம்பதாயிரம் வாங்கினால் மாதம் ஐயாயிரம் வட்டி. ஓராண்டில் அறுபதாயிரம் கட்டிய பின்னும் அசல் ஐம்பதாயிரம் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் நெருங்கும்போது எவரும் சட்டத்தை நினைப்பதில்லை. பணம் தருகிறவரையே நினைக்கிறார்கள்.

ஆகவே, பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துக் கல்லூரிச் சேமிப்பைப் பற்றி விளக்கும் கூட்டம் ஒன்றை ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்பது என் கருத்து. பள்ளியில் இடமில்லையெனில் ஆலய மண்டபத்தைத் திறந்து கொடுக்கலாம். அக்கூட்டம் பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கானது அன்று. அவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களே முன்வரிசையில் அமர வேண்டும்.

ஐந்தாம் வகுப்பை ஏன் குறிப்பிடுகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு முதல் மருத்துவப் படிப்பிலும், அதற்கு அடுத்த ஆண்டு முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரியில் பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவற்றில் எதைப் பெறுவதற்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தார்கள் என்பதே முதல் கேள்வி. ஒன்பதாம் வகுப்பில், அக்கம்பக்கத்தார் முன் கௌரவமாக இருக்கட்டும் என்று பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிற தகப்பன் இந்த வாய்ப்புகளையும் சேர்த்தே கைவிடுகிறார். அப்படி மாற்றுவது தவறென்று நான் சொல்லவில்லை. அறிந்து செய்ய வேண்டும் என்கிறேன். ஐந்தாம் வகுப்பிலேயே ஒருவர் எடுத்துச் சொல்லாவிட்டால், அவர் இதை அறியும் நாளில் திரும்பி வர வழி இராது.

இனிச் சேமிப்புக்கு வருவோம். பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறைவதற்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், மிகுந்தது ஒன்றரை லட்சம். பதினைந்து ஆண்டுகள் செலுத்த வேண்டும். கணக்கு இருபத்தோராம் ஆண்டில் முதிர்வடையும். மகளுக்குப் பதினெட்டு வயதானாலோ, அவள் பத்தாம் வகுப்பை முடித்தாலோ, மேற்படிப்புக்காக இருப்பில் பாதிவரை எடுக்கலாம். வட்டியை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. 2024 ஜனவரியில் அது 8.2 விழுக்காடாக உயர்ந்தது. அந்த விகிதமே நீடிப்பதாகக் கொண்டால், மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் பதினைந்து ஆண்டுகளில் செலுத்திய 1,80,000 ரூபாய், முதிர்வில் ஐந்து லட்சத்தைத் தாண்டும். மேலே சொன்ன ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஒரே மாதத்தில் கட்டும் வட்டி, இங்கே ஐந்து மாதச் சேமிப்பு. இந்த இரண்டு கணக்குகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் போதும். நீண்ட உரை வேண்டியதில்லை.

ஆண் பிள்ளைக்குப் பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் பொன்மகன் என்ற பெயரால் அதை அறிவார்கள்.

எந்தத் திட்டம் எந்தக் குடும்பத்துக்கு ஏற்றது என்பதில்தான் கூட்டத்தின் பயன் அடங்கியிருக்கிறது. தூத்துக்குடிப் பகுதி உப்பளத் தொழிலாளருக்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலை இல்லை. மாதந்தோறும் தவறாமல் கட்ட வேண்டிய அஞ்சலகத் தொடர் வைப்பு அவர்களுக்குப் பொருந்தாது. தொடர்ந்து நான்கு மாதத் தவணை தவறினால் கணக்கே நின்றுவிடும். செல்வமகள் கணக்கிலோ மாதக் கட்டாயம் இல்லை. கோடையில் கை நிறையும்போது சேர்த்துக் கட்டிவிட்டு, மழை மாதங்களில் சும்மா இருக்கலாம். வருமானம் வரும் விதத்தை விசாரிக்காமல் சேமிப்பைப் போதிப்பது, காலின் அளவு பாராமல் செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும்.

அவ்வாறே நேரமும். மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு ஆட்கள் வரவில்லை என்று குறைகூறுகிறவர்கள் உண்டு. விடியுமுன்னே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஏழு மணிக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து கண்விழித்திருக்க முடியுமா? ஞாயிறு பிற்பகலே தகுந்தது.

அடுத்ததை எவர் மனமும் நோகாதபடி சொல்ல முயல்கிறேன். இத்தகைய கூட்டங்களுக்குத் தேநீரும் பலகாரமும் தாங்களே தருவதாக முன்வருகிற காப்பீட்டு முகவர்களையும், தனியார் கல்லூரிகளின் பிரதிநிதிகளையும் மேடையேற்றக் கூடாது. அவர்களும் பிழைப்புக்காக உழைப்பவர்கள்தாம். ஆனால் பெற்றோரின் கண்ணில் மேடை என்பது பள்ளியின் நற்சான்று. ஆலய மண்டபமாயிருந்தால் போதகரின் நற்சான்றும் கூட. குழந்தையின் படிப்புக்கென்று சொல்லி விற்கப்படும் காப்பீட்டில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் தவணை கட்ட முடியாமல் நிறுத்தும் தாய்க்கு, கட்டியதில் கணிசமான பகுதி திரும்ப வராது. அவள் முகவரை மட்டும் நொந்துகொள்ள மாட்டாள். நிதி நிறுவனங்கள் சரிந்து எத்தனையோ குடும்பங்கள் பணத்தை இழந்ததால்தான், முதலீட்டாளரைக் காக்க 1997இல் இம்மாநிலத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்த நாட்களை மறந்துவிடக் கூடாது. அஞ்சலக அலுவலர் ஒருவரும், அரசுடைமை வங்கியின் அலுவலர் ஒருவரும், கலந்தாய்வு விதிகளை அறிந்த ஆசிரியர் ஒருவரும் வந்தால் போதும். பலகாரம் இல்லாவிட்டால் குற்றமில்லை.

வங்கி அலுவலரைக் கல்விக்கடனைப் பற்றிப் பேசச் சொல்ல வேண்டும். ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை என்பது வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே உள்ளது. இதை அறியாமல், வீட்டுப் பத்திரம் இல்லையே என்று வங்கிப் படியேறாமல் இருந்தவர்கள் நம்மிடையே பலர். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லாமல் முதல் செய்தியை மட்டும் சொல்வது பாதி உண்மை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் அப்படியே: அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இல்லை.

ஆலய வளாகத்தில் பணப் பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். நாளையைக் குறித்துக் கவலைப்படாதிருக்க ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்தாரே என்றும் கேட்பார்கள். அவர் விலக்கியது கவலையை, ஆயத்தத்தை அன்று. கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றிப் பேசியவரும் அவரே. எகிப்தில் யோசேப்பு, விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளிலும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்க ஏற்பாடு செய்தான். பஞ்சம் வந்த பிறகு அவன் களஞ்சியம் கட்டத் தொடங்கவில்லை. தொடர்ந்து ஜெபிப்போம், ஜெபத்தைக் காரணம் காட்டிக் கணக்கை ஒத்திப்போடுவதை என்னால் விசுவாசம் என்று அழைக்க இயலவில்லை.

பணம் போதாதபோது எந்தப் பிள்ளையின் படிப்பு முதலில் குறைக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். அண்ணனுக்குப் பொறியியல், தங்கைக்குப் பக்கத்து ஊரில் எது கிடைக்கிறதோ அது. அவள் மதிப்பெண் கூடுதலாயிருந்தாலும் வழக்கம் மாறுவதில்லை. அவள் பெயரில் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தால், அந்தப் பேச்சு நடக்கிற இரவில் அது மேசைமேல் இருக்கும். ஆகவே ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளும் பெற்றோருடன் கூட்டத்தில் அமரட்டும். தங்கள் வீட்டின் வரவையும் கல்லூரியின் செலவையும் அவர்கள் அறிவது நல்லது. அதே நேரத்தில், எவரையும் எழுப்பி நிறுத்தி எவ்வளவு சேமித்தீர்கள் என்று கேட்கலாகாது. ஒன்றும் சேமிக்க இயலாத வீடுகள் உண்டு. அவர்கள் தலைகுனிந்து வெளியேறும் கூட்டத்தை நடத்தாமலிருப்பதே மேல். கல்விக்கடனும் உதவித்தொகையும் முதன்மையாக அவர்களுக்காகவே விளக்கப்பட வேண்டும்.

இத்தகைய கூட்டத்தை நடத்த எண்ணும் சபையாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணக்குத் தொடங்குவதற்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும், பெற்றோரின் ஆதார் அட்டையும் கேட்கப்படும். நம் ஊர்களில் பல பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இன்னும் எழுதப்படாமல் காலியாகவே இருக்கிறது. அழைப்பிதழிலேயே இதைக் குறிப்பிட்டு, அப்படிப்பட்டவர்கள் பிறப்பைப் பதிவு செய்த நகராட்சி அல்லது ஊராட்சிப் பதிவாளரிடம் முதலில் சென்று பெயரைச் சேர்த்துக்கொண்டு வருமாறு ஒரு மாதம் முன்பாகவே அறிவித்துவிடுங்கள்.