ஆறு வருஷத்து ஸெனேட்டர்

ராஜீய வாழ்க்கையில் ஒருவருடைய மதிப்பை அவர் பதவியில் வீற்றிருந்த வருஷங்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கமாகிவிட்டது. முப்பது வருஷம் சட்டசபையில் அமர்ந்து ஒன்றும் செய்யாதவரைப் பழுத்த அனுபவசாலி என்று போற்றுகிறோம். ஒரே தடவை சென்று திரும்பியவரைத் 'தோற்றவர்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இந்த அளவுகோல் எவ்வளவு பொய்யானது என்பதற்கு, அமெரிக்க ஸெனேட் சபையில் 1971 முதல் 1977 வரை ஆறே வருஷம் அங்கத்தினராயிருந்த ஜேம்ஸ் பக்லியின் சரித்திரம் தக்க சான்றாகும். அவருடைய கொள்கைகளில் பலவற்றை நாம் ஒப்புக்கொள்பவர்கள் அல்ல. நமது தேசத்துக்கு அவர் நண்பராக நடந்துகொண்டவரும் அல்ல. அதைப் பின்னால் சொல்லுவோம். ஆயினும், நமக்கு உடன்பாடில்லாத ஒருவரிடமிருந்தும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பதற்காகவே இந்த வாரம் அவரை எடுத்துக்கொண்டோம்.

பக்லி 1923-ம் வருஷம் மார்ச் மாதம் 9-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை எண்ணெய்க் கிணறுகளில் பொருள் திரட்டியவர். கத்தோலிக்க மதப்பற்று மிகுந்த குடும்பம். பத்துக் குழந்தைகளில் ஜேம்ஸ் நான்காமவர். யேல் சர்வகலாசாலையில் பயின்று, இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது பஸிபிக் சமுத்திரத்தில் கடற்படை அதிகாரியாகப் பணியாற்றி, திரும்பி வந்து சட்டம் படித்தார். அவருடைய தம்பி வில்லியம் பக்லி, 1955-ல் 'நேஷனல் ரிவ்யூ' என்னும் பத்திரிகையைத் தொடங்கிப் பழமைக் கட்சிக் கொள்கைகளுக்கு அமெரிக்காவில் புதிய குரல் கொடுத்தவர். தம்பி வாக்குவன்மை படைத்தவர்; அண்ணனோ அடக்கமான சுபாவமுடையவர். 1965-ல் தம்பி நியூயார்க் நகரத்து மேயர் பதவிக்கு நின்றபோது, அண்ணன் தேர்தல் வேலைகளை நிர்வகித்தார். அரசியலில் அவர் காலடி வைத்தது அப்படித்தான்.

1968-ல் நியூயார்க் ராஜ்யத்தின் பழமைக் கட்சி அவரை ஸெனேட் தேர்தலில் நிறுத்தியது. இரு பெரிய கட்சிகளுக்கு நடுவே நின்ற அந்தச் சிறு கட்சிக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டுகள் கிடைத்தன. தோல்விதான் என்றாலும் யாவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

1970-ல் வாய்ப்பு வேறு விதமாக வந்தது. 1968 ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்ட ராபர்ட் கென்னடி வகித்த ஸ்தானத்துக்குச் சார்லஸ் குடெல் என்ற ரிபப்ளிகன் கட்சிக்காரரைக் கவர்னர் நியமித்திருந்தார். குடெல் வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்துத் தம் கட்சித் தலைவரான ஜனாதிபதி நிக்ஸனின் வெறுப்புக்கு ஆளானார். உப ஜனாதிபதி ஆக்னியூ, சொந்தக் கட்சி அபேட்சகரையே மேடையில் தாக்கினார். இந்தப் பிளவில் பழமைக் கட்சி அபேட்சகரான பக்லி நுழைந்தார். அவருக்கு நூற்றுக்கு 39, டெமாக்ரடிக் கட்சி ஆட்டிங்கருக்கு 37, குடெலுக்கு 24 என்று வோட்டுகள் விழுந்தன. அதாவது, நூற்றில் 61 பேர் வேறு இருவரை விரும்பியபோது, பக்லி ஸெனேட்டரானார். அவர் வெற்றிக்கு நிக்ஸனின் மறைமுக ஆதரவு காரணம் என்பது அக்காலத்தில் யாவரும் அறிந்த விஷயம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய கொள்கை சுருக்கமானது. அதிகாரம் ஜனங்களுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வாஷிங்டனில் குவியும் அதிகாரம் சுதந்திரத்தைக் கரைத்துவிடும் என்பதே அது. 1973-ல் கர்ப்பச் சிதைவை அனுமதித்துச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தவுடன், அதை மாற்ற அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார். திருத்தம் நிறைவேறவில்லை. ஆனால் 2022-ல் அதே கோர்ட் தன் பழைய தீர்ப்பை ரத்துச் செய்தபோது, 99 வயதில் அவர் அதைக் கண்டார். பழமைக் கட்சிக்காரர் என்றால் காட்டையும் நதியையும் முதலாளிகளுக்கு விட்டுவிடுபவர் என்று எண்ணினால், பக்லி அதற்கும் விலக்கு. சிறு வயது முதல் பறவைகளை அவதானிப்பதில் ஈடுபட்டவர். அருகிவரும் ஜீவராசிகளைக் காக்க 1973-ல் பிறந்த சட்டத்தை ஆதரித்தார். முன்னோர் சேர்த்ததைப் பின்னோருக்குக் குறையாமல் ஒப்படைப்பதுதான் பழமைப் பற்று என்றால், பறவைகள் மட்டும் ஏன் விலக்கு?

*

இனி, நம் உள்ளத்தைக் கவர்ந்த சம்பவத்துக்கு வருவோம். 1974-ம் வருஷம் மார்ச் மாதம். வாட்டர்கேட் ஊழலில் நிக்ஸனின் முன்னாள் உதவியாளர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது. எதிர்க்கட்சியார் அவரைச் சாடினார்கள். சொந்தக் கட்சியார் பலர் வாய் திறக்காமல் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்திருந்தார்கள். 19-ந் தேதி பக்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, ஜனாதிபதி தாமே முன்வந்து ராஜிநாமாச் செய்ய வேண்டும் என்று அறிவித்தார். நிக்ஸன் குற்றவாளி என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தப் பதவிக்குரிய தார்மிக பலம் போய்விட்டது. பதவியைக் காப்பாற்ற வேண்டுமானால் மனிதர் விலகத்தான் வேண்டும் என்பதே அவர் வாதம். அமெரிக்கப் பழமைக் கட்சியினர் திகைத்தார்கள். பலர் துரோகம் என்று கோபித்தார்கள். நிக்ஸன் மறுத்துவிட்டார். ஆனால் ஐந்து மாதங்களுக்குள், ஆகஸ்ட் 9-ந் தேதி, அவர் பதவி விலகியே தீர வேண்டியதாயிற்று.

யாருடைய ஆதரவினால் ஸெனேட்டரானாரோ அவரையே போகச் சொன்னார். இதை நன்றி மறத்தல் என்பதா? நாம் அப்படிக் கருதவில்லை. பதவி கொடுத்தவருக்குச் செலுத்தும் நன்றி ஒன்று. பதவிக்குச் செலுத்தும் நன்றி மற்றொன்று. இரண்டும் மோதும்போது எது பெரிது என்று அறிந்தவர்கள் எந்த நாட்டிலும் சிலரே.

*

பக்லியின் பெயரால் வழங்கும் மற்றொரு காரியம், பள்ளிக்கூடத்தில் உழைக்கும் நம்மைப் போன்றவர்களைச் சுடக்கூடியது. அமெரிக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் ஆசிரியர்களும் மனோதத்துவ நிபுணர்களும் எழுதிவைத்த குறிப்புகள் பெற்றோர் கண்ணில் படாமல் இருந்தன. ஆனால் அந்நியர் பலர் அவற்றைப் பார்க்க முடிந்தது. பக்லி 1974-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பெற்றோர் தம் குழந்தையின் பதிவுகளைப் பார்வையிடலாம். பிழையிருந்தால் திருத்தக் கோரலாம். சில விலக்குகள் நீங்கலாக, அவர்கள் சம்மதமின்றி அவற்றைப் பிறருக்குக் காட்டலாகாது. மாணவனுக்கு 18 வயதானால் அந்த உரிமை அவனையே சேரும். மீறும் பள்ளிக்கு மத்திய சர்க்காரின் பணம் நிற்கும். சர்வகலாசாலைகள் கூச்சலிட்டன, அவ்வருஷமே சில சலுகைகள் சேர்க்கப்பட்டன. சட்டம் நிலைத்தது.

இதைப் படித்தபோது நமக்கு ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. பல வருஷங்களுக்கு முன் அவன் பதிவேட்டில் 'மந்தபுத்தி' என்று ஒரே சொல்லில் எழுதினோம். அடுத்த வகுப்பு ஆசிரியர் அதைப் படித்துவிட்டுத்தான் அவனைப் பார்த்தார்; அதற்கடுத்தவரும் அப்படியே. அவனுக்குக் கண் பார்வை மங்கல் என்பதும், கரும்பலகை தெரியாமலே மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தான் என்பதும் பிற்பாடுதான் வெளியாயிற்று. அந்தக் குறிப்பை அவன் தகப்பனார் ஒரு முறை பார்த்திருந்தால் முதல் வாரமே வந்து சண்டையிட்டிருப்பார், பையன் பிழைத்திருப்பான். யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதப்படும் எழுத்து எவ்வளவு அலட்சியமானது என்பதை நாம் சொந்த அனுபவத்தில் அறிவோம்.

ஆனால் இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. மத்திய சர்க்கார் பணத்தைக் கொடுத்து, கூடவே நிபந்தனையையும் கட்டி ராஜ்யங்களை ஆட்டிவைக்கிறது என்பது பக்லியின் ஆயுட்காலப் புகார். 2014-ல், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு, அத்தகைய மானியங்களை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். அவருடைய பள்ளிச் சட்டம் நடப்பதோ அந்த மானியக் கயிற்றின் பலத்தினால்தான்! தீமை கண்முன் நிற்கும்போது, கைக்குக் கிடைத்த ஆயுதத்தைக் கொள்கைவாதியும் எடுத்துவிடுகிறான்.

மூன்றாவது, தேர்தல் செலவு வழக்கு. வாட்டர்கேட்டுக்குப் பின் காங்கிரஸ், அபேட்சகருக்கு ஒருவர் கொடுக்கும் நன்கொடையை ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் என்று வரம்பிட்டதுடன், அபேட்சகர் செய்யும் செலவுக்கும் வரம்பிட்டது. பதவியில் இருப்பவரை யாவரும் அறிவர். புதிதாக வருபவர் பணம் செலவிட்டால்தான் அறியப்படுவார். ஆகவே இது பதவியிலிருப்போர் தமக்குத் தாமே கட்டிய கோட்டை என்றார் பக்லி. யுத்த எதிர்ப்பாளரான யூஜின் மக்கார்த்தியும் அவருடன் வாதியாகச் சேர்ந்தார். 1976 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட், நன்கொடை வரம்பை நிலைநிறுத்திச் செலவு வரம்பை நீக்கியது. பணம் செலவிடுவதும் பேச்சுரிமையில் அடங்கும் என்றது. பின்னர் 2010-ல் கம்பெனிகளின் பணத்துக்கும் கதவு திறந்த தீர்ப்பு இதன் மீதே எழுந்தது. சாமானியன் பேச்சும் கோடீசுவரன் பேச்சும் ஒரே தராசில் நிற்குமா என்ற கேள்விக்குப் பக்லியின் வாதத்தில் பதில் இல்லை. ஆயினும், பதவியில் இருந்துகொண்டே பதவியிலிருப்போருக்கு அனுகூலமான சட்டத்தை எதிர்த்தார் என்பதை மறுக்க முடியாது.

*

அவ்வருஷ நவம்பரிலேயே அவர் தோற்றார். தோற்கடித்தவர் டேனியல் பாட்ரிக் மாயினிஹன். 1973 முதல் 1975 வரை டில்லியில் அமெரிக்க ஸ்தானாபதியாக இருந்தவர். இம்முறை பெரிய கட்சிகள் இரண்டும் நேருக்கு நேர் நின்றன. நூற்றுக்கு 54 பேர் மாயினிஹன் பக்கம். மூன்றுபேர் போட்டியில் கிடைத்த ஸ்தானம், இருவர் போட்டியில் போய்விட்டது. 1980-ல் கனெக்டிகட் ராஜ்யத்தில் நின்றும் வெற்றி பெறவில்லை.

பிறகு ரீகன் சர்க்காரில் வெளிநாட்டு இலாகாவின் உப காரியதரிசிகளில் ஒருவரானார். நமது குறை இங்கேதான். 1981-ல் பாகிஸ்தானுக்கு ஆறு வருஷத்தில் 320 கோடி டாலர் உதவியும், 40 எப்-16 போர் விமானங்களும் அளிக்கும் ஏற்பாட்டைப் பேசி முடித்தவர் இவரே. ஆப்கானிஸ்தானத்தில் ஸோவியத் படைகள் நின்றன என்பது காரணம். பலமான சேனை இருந்தால் பாகிஸ்தானுக்கு அணுகுண்டு ஆசை குறையும் என்றும் வாதித்தார். இந்தியா ஆட்சேபித்தது, பயனில்லை. ஆசை குறைந்ததா என்பதற்கு 1998 மே மாதம் பாகிஸ்தான் நடத்திய வெடிப் பரீட்சைகள் பதில் கூறின. நல்லெண்ணமுள்ளவர் செய்யும் தவறு தீயவன் செய்யும் தவறைவிடச் சிறிதாக விளைவதில்லை.

1985 முதல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டில் நீதிபதியாயிருந்தார். சட்டமியற்றுதல், நிர்வாகம், நீதி என்ற மூன்று துறைகளிலும் உயர்பதவி வகித்த அவர், 2023 ஆகஸ்ட் 18-ல், நூறு வயது நிறைந்தபின் காலமானார்.

பக்லியைப் பின்பற்றுங்கள் என்று நாம் யாருக்கும் சொல்ல வரவில்லை. நேயர்கள் தம் தொகுதியில் வோட்டுக் கேட்டு வருபவரிடம் எத்தனை தடவை வென்றவர் என்று விசாரிப்பதோடு நின்றுவிட வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள். தம்மை உயர்த்திவிட்டவர் தவறினால் என்ன செய்வார் என்று கேட்கட்டும். நாமோ, அடுத்த பதிவேட்டைத் திறக்கும்போது, அந்தப் பையனின் தகப்பனார் தோளருகே நின்று படிப்பதாக எண்ணிக்கொண்டு எழுதுவோம்.