பின்னால் வருபவர்களுக்கான செயலி

நண்பர் ஒருவர் கைபேசிச் செயலி ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் வாசகர்கள் ஒரே நூலைச் சேர்ந்து படித்து, இணையவழி உரையாடுவதற்கானது. திரைகளின் மாதிரிப் படங்களை அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருந்தார். முதல் படத்திலேயே, யார் எத்தனை பக்கம் படித்தார்கள் என்ற தரவரிசை. இரண்டாவதில், விடாமல் முப்பது நாள் படித்தவருக்கு ஒரு பதக்கம். உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றியது. நண்பரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. குட்ரீட்ஸ் 2011 முதல் ஆண்டுதோறும் வாசிப்புச் சவால் நடத்தி, எண்ணிக்கையை நமக்குப் பழக்கிவிட்டது. ஆனால் சேர்ந்து படிப்பதிலுள்ள சிக்கல் வேறு. ஒரு தவறு செய்த பிறகுதான் அது எனக்குப் பிடிபட்டது.

எங்கள் வாசகர் வட்டத்தில் பதினோரு பேர். வாட்ஸப் குழுதான் எங்கள் கூடம். 'மோகமுள்' படித்த மாதத்தில், நாலே நாளில் முடித்துவிட்ட உற்சாகத்தில், அதன் முடிவைப் பற்றி நீளமாக எழுதித் தள்ளினேன். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட செய்திகள். எங்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருந்தார். கண் உபாதையால் நாளொன்றுக்குப் பத்துப் பக்கத்துக்குமேல் அவரால் படிக்க இயலாது. சில வாரங்கள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் குழுவிலிருந்து விலகிவிட்டார். முடிவை உடைத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கலாமென்று அழைத்தேன்.

"முடிவு தெரிஞ்சதுல ஒண்ணும் இல்ல தம்பி. நான் அங்க வந்து சேர்ந்தப்ப பேச ஒருத்தரும் இல்லியே."

"எழுதியிருக்கலாமே டீச்சர்?"

"எழுதினேனே!"

தேடிப் பார்த்தேன். எழுதியிருந்தார், யமுனாவைப் பற்றி, நாங்கள் யாரும் தொடாத ஒரு கோணம். அதற்கு அடுத்த செய்தி, அடுத்த நூல் எங்கே கிடைக்கும் என்ற என்னுடைய கேள்வி.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தபோது இந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் அடுத்த வார இதழுக்குக் காத்திருந்தே தீரவேண்டும். எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்று பேசினார்கள். நூலாகக் கையில் வந்ததும் அந்த ஒழுங்கு போய்விட்டது. அதை வலுக்கட்டாயமாக மீட்பது ('வாரம் ஐந்து அத்தியாயம், தாண்டக் கூடாது') பள்ளிக்கூடத்தில்தான் செல்லுபடியாகும்.

ஆகவே நண்பரிடம் நான் முதலில் சொன்னது: உரையாடலைத் தேதிவாரியாக அடுக்காதீர்கள், நூலின் இடவாரியாக அடுக்குங்கள். ஸ்டோரிகிராஃப் செயலியில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. சேர்ந்து படிப்பவர்களுள் ஒருவர் எழுதிய குறிப்பு, மற்றவர் அந்த இடத்தை எட்டும்வரை பூட்டியே இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் இடத்தை எப்படிச் சுட்டுவது? நாட்டுடைமையான நூல்களை ஒவ்வொரு பதிப்பகமும் ஒவ்வோர் அளவில் அச்சிடுகிறது. என் 212ஆம் பக்கம் உங்களிடம் 187ஆக இருக்கும். விழுக்காட்டுக் கணக்கும் உதவாது. நம்முடைய முன்னுரைகளின் நீளம்தான் தெரிந்ததாயிற்றே, ஒரு பதிப்பில் நாற்பது பக்கம், மறுபதிப்பில் அதுவே இராது.

இதற்கு விடை நம் பழைய பதிப்புகளிலேயே இருக்கிறது. உ.வே.சா. போன்றோரின் பதிப்புகளின் கடைசியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதி இருக்கும். எந்தப் பதிப்பானாலும், என்ன பக்க எண்ணானாலும், முதற்சொல்லைக் கொண்டு பாட்டைப் பிடித்துவிடலாம். உரைநடையிலும் பத்தியின் முதல் மூன்று சொற்களே முகவரி ஆகட்டும். அத்தியாய எண்ணும் அம்மூன்று சொற்களும் போதும். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றே, ஆனால் எழுத்துகளை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு வெவ்வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரவேண்டும். அடுத்தது ஒற்று. ஒரு பதிப்பில் 'வீட்டுக்குப் போனான்' என்றிருப்பது இன்னொன்றில் 'வீட்டுக்கு போனான்' என்றிருக்கும். தேடுகையில் செயலி சொல்லிறுதி வல்லொற்றை மன்னிக்கவேண்டும். (எழுதுகையில் நாம் மன்னிக்கவேண்டியதில்லை!)

இவ்வளவும் செய்தாலும் டீச்சரின் குறை தீராது. பூட்டு, முடிவைக் காக்குமே தவிர, பேச்சுத்துணை தராது. அவர் நடுப்பகுதிக்கு வந்து ஒரு குறிப்பு எழுதும்போது, அந்த இடத்தைக் கடந்து போய்விட்டவர்களின் கதவு தட்டப்படவேண்டும். வெறும் மணியோசை போதாது. அவருடைய குறிப்போடு, அதே பத்தியில் நாம் முன்பு எழுதியதும் சேர்ந்து திறக்கவேண்டும். அப்போதுதான் பாதி மறந்துவிட்ட நாவலுக்குள் திரும்பிப் போக முடியும். முன்னே ஓடுபவருக்குப் பதக்கம் தரும் திரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கச் சொன்னேன்.

நண்பர் உடனே ஒப்பவில்லை. "திரும்பி வராதவர்களை என்ன செய்வது?" என்று கேட்டார். நிரலால் ஆகக்கூடியது ஏதும் எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவு 'மோகமு'ள்ளை எடுத்து, டீச்சர் குறிப்பிட்ட பகுதியை மறுபடி படித்தேன். பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஏழு மாதத் தாமதம்.