தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று



"கொதிக்க வைத்துக் குடித்தால் எந்தக் கேடும் வாராது" என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இதனை நான் வன்மையாக மறுக்கிறேன். கொதிநீரில் கிருமி சாகும், ஈயம் சாகாது. நீர் வற்ற வற்ற, எஞ்சிய நீரில் ஈயத்தின் செறிவு கூடவே செய்யும். நீரில் கரைந்த ஈயம் கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது.

ஐயமுடையோர் அமெரிக்காவின் பிளின்ட் நகரை எண்ணிப் பார்க்க வேண்டும். 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்கவென்று, டெட்ராய்ட்டிலிருந்து வந்த குடிநீரை நிறுத்திவிட்டு பிளின்ட் ஆற்று நீரை வழங்கினர். குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளை அதில் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரிக்கப்பட்டு, ஈயம் வீடுகளுக்குள் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே, எந்திரப் பாகங்கள் அரிக்கப்படுகின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அந்நீரை ஒதுக்கியது. மக்களோ மேலும் ஓராண்டு அதனையே பருகினர்! எந்திரத்திற்குக் கிடைத்த காப்பு குழந்தைக்குக் கிடைக்கவில்லையே, இது என்ன நீதி?

2015 செப்டம்பரில், குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, பிள்ளைகளின் குருதியில் ஈயம் கூடியிருப்பதைச் சான்றுடன் வெளியிட்டார். அதிகாரிகள் முதலில் மறுத்தனர். ஆயினும் அடுத்த மாதமே டெட்ராய்ட் நீர் மீண்டும் வந்தது. அசைக்க முடியாத எண்களே அவர்களை அசைத்தன.

இஃது ஆசிரியர்க்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஈயம் வளரும் மூளையைத் தாக்கும். கவனத்தையும் கற்றலையும் குலைக்கும். குருதியில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை எனச் சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 'மந்தம்', 'சோம்பல்' என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்டுமுன், அவன் பருகும் நீரையும் நாம் எண்ண வேண்டாமா?

"சுத்திகரிப்பு நிலையத்தில் சோதித்தாயிற்று" என்னும் விடை போதாது. ஈயம் பெரும்பாலும் அதற்குப் பின்னரே, பழைய குழாயிலும் அதன் இணைப்பிலும் கலக்கிறது. ஆகவே, பிள்ளைகள் நீர் பிடிக்கும் குழாயிலேயே, காலையில் முதன்முதலாக வரும் நீரை எடுத்துச் சோதித்தல் வேண்டும். குடிநீரில் ஈயத்திற்கு அந்நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்புங்கள். "நீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்னும் வாய்மொழியை ஏற்காதீர்கள். எண்ணை எழுத்தில் கேளுங்கள்.