பேரேடு யார் கையில்?

பண்ணையாரின் கணக்குப்பிள்ளையை நம் கிராமத்து மக்கள் மறந்துவிடவில்லை. அளந்த நெல்லுக்கும் அவர் எழுதியதே கணக்கு. வாங்கிய கடனுக்கும் அவர் எழுதியதே கணக்கு. மில்லிலும் இதே கதைதான். மஸ்டரில் பெயர் விழாவிட்டால், எட்டு மணி நேரம் யந்திரத்தோடு நின்றவனுக்கும் அன்றைய கூலி இல்லை. பேரேடு யார் கையில் இருந்ததோ, அவர் கையில் நம் வயிறும் இருந்தது.

இன்று அந்தப் பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. நமது பிராவிடண்ட் பண்டு கணக்கு அங்கே இருக்கிறது. நமது ரேஷன் அட்டையின் விவரமும் அங்கே இருக்கிறது. இந்தப் புதிய பேரேட்டுக்கு டேட்டாபேஸ் என்று பெயர். "இது படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன?" என்று ஒதுங்கிவிட முடியுமா? கடையில் "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நாம்தானே?

விற்ற பேரேடும் பொதுப் பேரேடும்

1970ல் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த எட்கார் காட் என்ற அறிஞர் ஒரு வழி சொன்னார். விவரங்களை எல்லாம் அட்டவணைகளாக எழுதி வைத்தால், ஒன்றோடொன்றைப் பொருத்தி எந்தக் கேள்விக்கும் விடை எடுக்கலாம் என்றார். இந்த யோசனையை மற்றவர்கள் சரக்காக்கி விற்றார்கள். 1977ல் அமெரிக்காவில் தொடங்கி, பின்னால் ஆரக்கிள் என்று பெயர் வைத்துக்கொண்ட கம்பெனி அவர்களில் பெரியது. கம்ப்யூட்டரின் மூளைக் கூறுகளை எண்ணி உரிமத் தொகை வசூலிப்பது அதன் வழக்கம். தறியை எண்ணி வரி போட்ட காலத்தை நெசவாளிகள் நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

மறுபக்கத்தில் பொதுச் சொத்தும் வளர்ந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986ல் தொடங்கிய வேலை, 1996ல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயருடன் உலகத்தார் அனைவருக்கும் கிடைத்தது. அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், காசின்றிப் பயன்படுத்தலாம். 1995ல் சுவீடனில் மைஎஸ்கியூஎல் பிறந்தது. ஆனால் அதன் பெயரும் உரிமையும் ஒரு கம்பெனியிடம் இருந்தன. 2008ல் சன் கம்பெனி அதை 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010ல் அந்த சன் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. விலைக்கு விற்கும் பேரேட்டின் முதலாளியே இலவசப் பேரேட்டுக்கும் முதலாளியானார்! இதை எதிர்பார்த்து, மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009லேயே அதன் பிரதியை எடுத்து மரியாடிபி என்று தனியே நடத்தத் தொடங்கிவிட்டார்.

மேகம் வானத்தில் இல்லை

"கிளவுட்" என்றால் மேகம். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அது தரையில் கட்டிய பெரிய கொட்டகை. உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். சூட்டைத் தணிக்க ஏற்பாடு வேண்டும். இரவு பகலாகக் காவல் காக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். 2006ல் அமேசான் கம்பெனி இதை மணிக் கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது.

இதற்குத் தேவை இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. பரீட்சை முடிவு வரும் காலையில் லட்சக்கணக்கான பேர் ஒரே நிமிஷத்தில் வந்து மோதுகிறார்கள். மறுநாள் யாரும் வருவதில்லை. தறிகளைக் கூட்டினால் துணி கூடும். ஒரு தறி மற்றத் தறியைக் கேட்க வேண்டியதில்லை. பேரேடு அப்படி அல்ல. பத்துப் பிரதிகள் வைத்தால் பத்தும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும். ஒரு ஜன்னலில் கடைசி ரயில் டிக்கெட் விற்றுவிட்டால், மற்ற ஒன்பது ஜன்னல்களுக்கும் அது உடனே தெரிய வேண்டும். இதைச் சாதித்தது உழைப்பாளிகளின் அறிவு. சிறிய ஆஸ்பத்திரியும் கூட்டுறவுச் சங்கமும் சொந்த யந்திரம் வாங்காமலே இன்று கணக்கு வைக்க முடிகிறது என்றால், அது நல்லதே.

ஆனால் வாடகைக்காரனின் கதி என்ன? பண்டத்தை உள்ளே கொண்டுபோகக் கட்டணம் இல்லை. வெளியே எடுக்கக் கட்டணம் உண்டு. அடியோடு காலி செய்துகொண்டு போகிறவர்களிடம் இதை வாங்கமாட்டோம் என்று கூகிள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும் 2024ல்தான் அறிவித்தன. மனம் இரங்கியா அறிவித்தார்கள்? ஐரோப்பிய யூனியனின் சட்டம் கழுத்துக்கு வந்திருந்தது! 2025 செப்டம்பரில் அமலான அந்தச் சட்டப்படி, இடம் மாறுவதற்கான கட்டணமே 2027 ஜனவரி 12க்குப் பிறகு அங்கே கூடாது.

ஒரே கொட்டகையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா கொட்டகைகளில் தானியங்கி வேலை ஒன்றோடொன்று முரண்பட்டு, ஒரு டேட்டாபேஸின் முகவரிக் குறிப்பு வெறுமையாகிவிட்டது. பேரேடு இருந்தது, அதற்குப் போகும் வழிதான் இல்லை. உலகெங்கும் பல சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின.

பொது நிலத்தில் வேலி

இப்போது ரெடிஸ் விவகாரத்தைப் பாருங்கள். 2009ல் இத்தாலியரான சால்வத்தோரே சான்பிலிப்போ தொடங்கியது இது. விவரங்களை நினைவகத்திலேயே வைத்து மின்னல் வேகத்தில் விடை தரும் டேட்டாபேஸ். பல நாட்டுப் பொறியாளர்கள் இதற்கு உழைப்பைக் கொடுத்தார்கள். மேகக் கம்பெனிகள் அதை எடுத்துத் தங்கள் கொட்டகையில் வைத்து வாடகைக்கு விட்டன. ரெடிஸ் பெயருக்கு உரிமையுள்ள கம்பெனி 2024 மார்ச் 20 அன்று உரிமத்தை மாற்றி வேலி போட்டது. மோங்கோடிபி 2018லும் எலாஸ்டிக் 2021லும் இதையே செய்திருந்தன.

நடந்தது என்ன? எட்டே நாளில், மார்ச் 28 அன்று, பழைய உரிமத்தில் வெளியான நிரலை எடுத்துக்கொண்டு லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் வால்கீ என்ற பெயரில் வேலை தொடங்கிவிட்டது. 2025 மே மாதம் ரெடிஸ் கம்பெனி திறந்த உரிமம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு பாதி வழி திரும்பி வந்தது.

இதில் நாம் யார் பக்கம்? "நாங்கள் விதைத்தோம், அவர்கள் அறுத்தார்கள்" என்ற கம்பெனியின் புகாரில் உண்மை உண்டு. ஆனால் விதைத்தது கம்பெனி மட்டுமா? வேலி போட்டபோது, கூலியின்றி விதைத்தவர்களை யார் கேட்டார்கள்? வால்கீக்கு ஆதரவு கொடுத்த அமேசானும் கூகிளும் தர்மவான்களும் அல்ல. இலவச நெல் தொடர்ந்து வேண்டும் என்பது அவர்கள் கவலை. நாம் உழைத்தவர்கள் பக்கம்.

நிலத்துக்கு வேலி போட்டால் உழுதவன் வெளியே நிற்க வேண்டியதுதான். நிரலுக்கு வேலி போட்டால், உழுதவன் நிலத்தின் பிரதியையே எடுத்துக்கொண்டு போய்விடலாம். இதுதான் புதுமை. ஆனால் கொட்டகையைப் பிரதி எடுக்க முடியாது. உலக மேக வியாபாரத்தில் பாதிக்கு மேல் மூன்றே கம்பெனிகளிடம் இருக்கிறது. விதை பொதுவானாலும் களம் பண்ணையாருடையது என்றால், அளவு மரக்கால் அவர் கையில்தானே?

நாம் கேட்பது

ஜனங்களின் பேரேடுகள் திறந்த நிரலில் இருக்க வேண்டும். ஒரு கொட்டகையிலிருந்து மறு கொட்டகைக்கு எடுத்துப்போகும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். சர்க்காருக்குச் சொந்தக் கொட்டகை வேண்டும். தேசிய தகவல் மையம் 2014ல் அரசுக்கான மேகம் ஒன்றைத் தொடங்கிக் காட்டியது, அதைப் பெருக்குவது கூடாத காரியமா? தன் பெயரில் எழுதியிருப்பதைத் தொழிலாளி தானே பார்க்கவும், தவறென்றால் திருத்தக் கேட்கவும் வழி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யந்திரம் நின்ற நாளிலும் அரிசி நிற்கக்கூடாது. காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளட்டும்.

கணக்குப்பிள்ளையின் பேரேட்டைத் திறந்து காட்டச் சொல்லி நம் பெரியவர்கள் களத்துமேட்டில் நின்று கேட்டார்கள். அன்று அது ஒரு கிராமத்தின் பேரேடு. இன்று கோடிக்கணக்கான பேருடைய பேரேடு. கேள்வி அதே கேள்விதான்: எங்கள் கணக்கு எங்கே இருக்கிறது? எடுத்துக் காட்டு!